துப்பாக்கியைத் தேய்க்காதே, தம்பி

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் தெருத் தம்பி ஒருவன் என்னைத் தேடி வந்தான். முப்பது வயசு இருக்கும். ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் தருமபுரிக்கு வந்துவிடுவான். உட்கார்ந்ததும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அவன் தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. உரிமம் இப்போது அப்பா பேரில் இருக்கிறது, ஒழுங்காகப் புதுப்பித்து வருகிறார்கள்.

"ஐயா, நீங்க கன் லைசென்ஸ் சீட்ல இருந்தவங்கன்னு அப்பா சொன்னாரு. இதைப் பாருங்க, ஒரே பழுப்பா அசிங்கமா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்னு பிரெண்டு சொல்றான். பூஜைக்கு முன்னாடி தேச்சிடலாம்னு இருக்கேன். எந்த நம்பர் தாள் வாங்கறது?"

"எந்த நம்பரும் வேண்டாம் தம்பி. தொடாதே" என்றேன்.

குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. சமையல்கட்டில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குக் காரணம் தெரியும். தம்பியிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அதில் சில வருஷம் ஆயுத உரிம சீட்டில் இருந்தேன். அலுவலகம் எது, அதிகாரி யார் என்று எழுதப் போவதில்லை. தப்பு என்னுடையது, அதனால் மற்றவர்கள் பெயர் தேவையில்லை.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2004-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் மட்டுமல்ல, தேன்கனிக்கோட்டையும் தருமபுரி மாவட்டம்தான். காட்டு ஓரத்து ஊர்களில் நிலக்கடலை, கேழ்வரகு போடுகிறவர்களுக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று துப்பாக்கி உரிமம் உண்டு. பெரும்பாலும் குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல். ஆபீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். பின்பக்கம் திறந்து தோட்டா போடுவது எஸ்.பி.பி.எல். இரட்டைக்குழல் என்றால் டி.பி.பி.எல். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தி அதை ஐந்து வருஷம் ஆக்கியிருக்கிறார்கள்.

புதுப்பிக்க வருகிறவர்கள் துப்பாக்கியையும் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது: நிலை. அதில் ஒரு சொல் எழுத வேண்டும். நல்லது, சுமார், துரு, உபயோகமற்றது. எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் இந்த நாலு சொல்லைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். நானும் அதையே எழுதினேன்.

எனக்கு அந்தக் கட்டம் பிடித்தும் இருந்தது. அதற்குக் காரணம் நான் படித்த படிப்பு. சின்ன வயசில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே இருபதுக்குத்தான் மார்க். இருபது கடவுளுக்கு என்று வாத்தியார்களே சொல்வார்கள். பத்து வாங்கினால் 'பாஸாப்ள்', அதாவது பரவாயில்லை. பன்னிரண்டு 'அஸே பியேன்', ஓரளவு நன்று. பதினாலு 'பியேன்'. பதினாறுக்கு மேல் 'த்ரே பியேன்', மிக நன்று. நோட்டில் ஒரு மைப்பொட்டு விழுந்திருந்தால் ஒரு படி இறக்கிவிடுவார்கள். அந்த ஊசிக் கண்ணோடு வளர்ந்தவன் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து நிலை எழுதச் சொன்னால் சும்மா இருப்பானா? பழுப்பாக எது வந்தாலும் எனக்கு அது மைப்பொட்டுதான். துரு, துரு, துரு என்று எழுதித் தள்ளினேன்.

1979-இல் பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் போகும் சாலைப் பக்கத்து ஊரில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சாக்கில் சுற்றிய துப்பாக்கி. அவர் தாத்தா காலத்துச் சாமான். குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் மங்கலாக ஒரு கிரீடம், அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் 'டவர்' என்ற சொல். குழலின் மேல் யாரோ எப்போதோ உளியால் தட்டிப் பதித்த நாலு இலக்க எண். உரிமத்தில் இருந்த எண்ணும் அதுவே. எல்லாம் சரியாக இருந்தது. முழுத் துப்பாக்கியும் காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

நான் கட்டத்தில் 'துரு' என்று எழுதினேன். எழுதியதோடு வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

"பெரியவரே, ஒரே துருவா இருக்கு. அடுத்த தடவை வரப்போ சுத்தம் பண்ணிக் கொண்டாங்க. இப்படியே கொண்டாந்தா ரினிவல் கஷ்டம்."

கஷ்டம் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு விதியும் இல்லை. சீட்டில் இருக்கிறவன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தத் துப்பாக்கி எது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கிரீடமும் டவர் என்ற சொல்லும் ஆங்கிலேய ராணுவத் துப்பாக்கிகளின் தகட்டில் அடிக்கும் முத்திரை. லண்டன் டவரைக் குறிப்பது. சில தகடுகளில் பக்கத்திலேயே வருஷமும் இருக்கும். கிழக்கிந்திய கம்பெனியின் துப்பாக்கியாக இருந்தால் கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம் இருக்கும். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு உள்வரி இல்லாத வழுவழுப்பான குழலாகவே கொடுத்தார்கள், தூரம் சுடக்கூடாது என்று. ராணுவம் கழித்த பழைய துப்பாக்கிகள் பின்னால் ஊர்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அதற்குள் 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் உரிமம் வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பக்கத்துக் குடகில் மட்டும் குடவர்களுக்கு விலக்கு. அவர்கள் இன்றைக்கும் கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கியை வைத்துப் பூஜை செய்கிறார்கள். இங்கே நம் விவசாயி சாக்கில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

1982-இல் அதே பெரியவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை சாக்கு இல்லை. புதுத் துண்டில் சுற்றியிருந்தார். என் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது.

"பாருங்க சாமி. ஒரு பொட்டுத் துரு இல்ல."

மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். முதலில் புளி போட்டு ஊறவைத்து, பிறகு செங்கல் தூள், பிறகு சாம்பல். கடைசியில் பென்னாகரம் கடையில் உப்புத்தாள் வாங்கி வந்து, பேரன் ஒரு பக்கம் பிடிக்க, இவர் தேய்த்தாராம். குழல் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. கிரீடம் இல்லை. டவர் இல்லை. உளியால் பதித்த எண்ணும் இல்லை.

அன்று ஆயுதப்படையில் இருந்து ஆர்மரர் ஒருவர் ஆபீசுக்கு வந்திருந்தார். துப்பாக்கி பழுது பார்க்கிறவர். ராணுவத்தில் இருந்து வந்த, அதிகம் பேசாத மனுஷர். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் துப்பாக்கியை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எண் இருந்த இடத்தில் சுண்ணக்கட்டியைத் தடவி, விரலால் மெல்லத் துடைத்தார். எழுத்தின் அடித்தடம் கொஞ்சம் இருந்தாலும் அதில் சுண்ணம் தங்கி வெள்ளையாகத் தெரியும். ஒன்றும் தங்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 8-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியில் இருக்கும் பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ யாரும் அழிக்கக்கூடாது. அழிந்திருக்கும் துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவர்தான் அழித்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். திருட்டுத் துப்பாக்கிக்காக எழுதிய பிரிவு அது. வேட்டி கட்டிய ஒரு விவசாயி, குமாஸ்தா பேச்சைக் கேட்டு மூன்று நாள் உப்புத்தாள் போட்டதற்காக எழுதியது அல்ல. ஆனால் காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நான் நோட் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். 'உரிமத்தில் கண்ட எண் துப்பாக்கியில் காணப்படவில்லை.' நான் மூன்று வருஷம் முன்பு சொன்னதை அந்த நோட்டில் எழுதவில்லை. இதைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஆர்மரர் அண்ணன் தன் அறிக்கையில், இது எண்ணை மறைக்கச் செய்த வேலை இல்லை, முழுத் துப்பாக்கியையும் ஒரே சீராகத் தேய்த்திருக்கிறார் என்று எழுதினார். அதனால் வழக்கு என்று போகவில்லை. அதிகாரியும் நல்லவர். ஆனால் எந்தத் துப்பாக்கி என்று சொல்ல வழியில்லாத ஒன்றை உரிமத்தோடு சேர்த்துத் திருப்பித் தர முடியாது. பெரியவர் ஒப்படைத்துவிட்டதாகக் கைநாட்டு வைத்தார். சீட்டுக் கட்டி உள்ளே வைத்தார்கள்.

"சுத்தமாக் கொண்டாந்தது தப்பா சாமி? நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாசம் கழித்து ஒரு தடவை வந்தார். மடியில் இருந்து ஒரு மாட்டுக்கொம்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். கருமருந்து போட்டு வைக்கும் கொம்பு. தோள்வார் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது.

"இது மட்டும் வூட்ல என்னாத்துக்கு? அதோட வெச்சிடுங்க."

ரசீதில் கொம்புக்குக் கட்டம் இல்லை. வாங்க முடியாது என்றேன். எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆர்மரர் அண்ணனிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன். அவர் வரும் நாளில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் தம்பியிடம் சொன்னேன்.

முதல் விஷயம் பாதுகாப்பு. பரணில் கிடந்த பழைய வாய்க்கெட்டுத் துப்பாக்கி என்றால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு தாத்தா பன்றிக்காகக் கெட்டித்து, பன்றி வராமல் அப்படியே தூக்கி வைத்திருப்பார். கருமருந்து காய்ந்தே இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். அண்ணன் குழல் வாய்க்கு நேரே நிற்காமல், கெட்டிக்கும் கோலை மெதுவாக உள்ளே விட்டு, வாய் வரை கட்டைவிரலால் பிடித்து அளவெடுப்பார். அதே அளவைக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்ப்பார். கோல் அடிவரை போயிருந்தால் காலி. நாலு விரல் குறைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. நாம் இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. கையோடு வாழ்ந்த துப்பாக்கி கை பட்ட இடத்தில்தான் தேயும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது பிடிக்கும் நடுப்பகுதி, விசையைச் சுற்றிய வளையம், குழல் வாய், தகடுகளின் ஓரம். அங்கே வெளிறியும், மூலை முடுக்கில் கறுப்பு தங்கியும் இருந்தால் அது நேர்மையான தேய்மானம். எல்லா இடமும் ஒரே மாதிரி மின்னினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் யாரோ புதிதாகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் திருகாணியின் தலையைப் பார்க்கச் சொல்வார். தேய்த்த துப்பாக்கியில் திருகாணியைச் சுற்றி உள்ளங்கைக் குழி மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். எழுத்தின் விளிம்பு கரைந்திருக்கும். கட்டையையும் தேய்த்திருந்தால், இரும்போடு மட்டமாக இருக்க வேண்டிய மரம் ஒரு நூல் உள்ளே இறங்கியிருக்கும். இரும்பு கரைக்கல் மாதிரி மேலே தெரியும்.

மூன்றாவது, எது துரு, எது துரு இல்லை. எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. வெள்ளைப் பஞ்சை ஒரு சொட்டு எண்ணெயில் தொட்டு ஒற்றிப் பார்ப்பார். செம்பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது உயிருள்ள துரு, இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. பஞ்சு சுத்தமாக வந்தால், கண்ணுக்குத் தெரியும் பழுப்பு அடங்கிப்போன பழுப்பு. அது இரும்பின் மேல் படிந்த தோல். தொடக்கூடாது.

"பழைய குழலுக்கு நிறம் ஏத்துறதே துருவாலதான்டா" என்றார் ஒரு நாள். நான் நம்பவில்லை. அவர் விளக்கினார். பட்டறையில் குழலை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஒரு திரவத்தைத் தடவி, வேண்டுமென்றே மெல்லிய துரு பிடிக்க விடுவார்கள். அதைக் கம்பித் தூரிகையால் லேசாகத் துடைப்பார்கள். மறுபடி துரு பிடிக்க விடுவார்கள். இப்படிப் பல தடவை. அதுதான் பழுப்பு நிறம். இடையில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் செந்துரு கருந்துருவாக மாறும். அதுதான் நீலக் கறுப்பு. ஆக, நான் பதிவேட்டில் 'துரு' என்று குறை எழுதியது, அதைச் செய்தவனின் கைவேலையை.

வீட்டில் பெண்களிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள். தோசைக்கல்லின் கறுப்பு வருவது எண்ணெயால், துப்பாக்கியின் கறுப்பு வருவது துருவால். ஆனால் நியாயம் ஒன்றுதான். பழகிய தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தால் மாமியார் மெச்சுவாளா? தேய்த்து எடுத்த வெறும் இரும்பில்தான் அடுத்த மழைக்கே துரு பாயும். பெரியவரின் துப்பாக்கி உள்ளே கிடந்த அறையில் அந்த வருஷ ஐப்பசிக்குள்ளேயே அதன் மேல் சிவப்புப் பொட்டு விழுந்ததை நான் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெளிநாட்டில் பழந்துப்பாக்கி சேர்க்கிறவர்கள் நிலை எழுதுவதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் வகுத்தது. பழந்துப்பாக்கிக்கு மேலே இருந்து வரிசை இப்படி: பட்டறைப் புதுசு, மிகச் சிறப்பு, சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். முதல் பூச்சு நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் 'மிகச் சிறப்பு'. முப்பதுக்கு மேல் இருந்தால் 'சிறப்பு'. முப்பதுக்குக் கீழே, ஒன்றுமே மிஞ்சாமல் போயிருந்தாலும், உறுப்பெல்லாம் பழையதாகவே இருந்து, இரும்பு வழுவழுப்பாக, ஓரங்கள் கூராக, எழுத்துகள் தெளிவாக இருந்தால் அது 'மிக நன்று'. பூச்சு பூஜ்யம், மார்க் த்ரே பியேன்! தேய்த்துச் சுத்தம் செய்ததையும் புதுச் சாயம் ஏற்றியதையும் அதற்குக் கீழே, 'நன்று' என்ற படியில் வைக்கிறார்கள். அதுகூட முக்கியமான எழுத்துகள் படிக்கும்படி இருந்தால்தான். குழலின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பதைச் சேகரிப்புத் துப்பாக்கிக்கு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதை யாரும் சுடப் போவதில்லையே.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1979-இல் அந்த சீட்டில் இதைத் தெரிந்த ஒருவன் இருந்திருந்தால், பெரியவரின் துப்பாக்கிக்கு 'மிக நன்று' என்று எழுதியிருப்பான்.

வெளிநாட்டுக்காரன்தான் நமக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. தருமபுரிக்காரர்கள் தகடூர் அதியமானையும் ஔவையையும் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு ஆயுதத்தின் நிலையைப் பற்றியதுதான். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி அழகாக அடுக்கியிருக்கிறது. ஔவை அதைப் புகழ்வது போலப் புகழ்ந்து, எங்கள் அரசனுடையதோ நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கிறது என்கிறார். எந்த நிலை பெரிது என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். அதியமான்கோட்டை வழியாகப் பல வருஷம் பஸ்ஸில் போய்வந்த எனக்குத்தான் புரியவில்லை.

அந்த சீட்டை விட்டு மாறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை சரியாகச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் அரூர் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்தார். மாமனார் புதுச்சேரியில் சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வைத்திருந்த துப்பாக்கி பிறகு மகன் பேருக்கு மாறி, அவரும் இறந்து, இப்போது அந்த அம்மா தன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார். பழைய உரிமத்தில் 'செய்தவர் பெயர் படிக்க இயலவில்லை, துரு' என்று இருந்தது. முழுக்கப் பழுப்பு. பக்கத்து நாற்காலிக்காரர், "உபயோகமற்றதுன்னு எழுதி சரண்டர் பண்ணச் சொல்லிடுங்க, வேலை முடிஞ்சது" என்றார். அந்த அம்மாவும், "வேணும்னா தேச்சுக் கொண்டாரட்டுமா சார்?" என்றார். எனக்குச் சுரீர் என்றது.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். சாய்த்துப் பிடித்து, சுண்ணக்கட்டியைத் தடவி, விரலால் துடைத்தேன். பழுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் கிளம்பி வந்தன. சாய்ந்த கையெழுத்து மாதிரி. ஆங்கிலம் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமாக யாராலும் படிக்க முடியவில்லை. 'மனுஃபக்த்யூர் தார்ம், சேன்த் எத்தியேன்'. சேன்த் எத்தியேன் ஊர் ஆயுதத் தொழிற்சாலை. கீழே மாடல் 1874. பிரெஞ்சுக்காரர்களின் கிராஸ் துப்பாக்கி. 1886-இல் லெபெல் வந்த பிறகு கழித்துவிட்டு, நிறையவற்றைக் குழலைக் கடைந்து ரவை சுடும் வேட்டைத் துப்பாக்கியாக மாற்றி மலிவாக விற்றார்கள். அப்படி வந்த ஒன்று. பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் பிரெஞ்சு எழுத்தைத் தொட்டதே இல்லை. ஆபீஸ் வேலையில் அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒற்றினேன். சுத்தமாக வந்தது. நிலை என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதவில்லை. பொடி எழுத்தில் மூன்று வரி எழுதினேன்: 'பழைய பூச்சு கைப்பழக்கத்தால் தேய்ந்துள்ளது. செயலில் உள்ள துரு இல்லை. செய்த இடம், மாடல், எண் ஆகியவை தெளிவாக உள்ளன.' எண்ணையும் குறித்தேன். கட்டத்துக்கு வெளியே எழுத்து வழிந்ததற்கு மேலே இருந்து ஒரு கேள்வி வந்தது. பதில் எழுதினேன். உரிமம் மாறியது.

இப்போது இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மூன்று வைத்திருந்த வீடுகளில் எதை ஒப்படைப்பது என்ற பேச்சு வரும்போது, பழுப்பாக இருப்பதைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவில், பழங்கால மதிப்புள்ளதோ பழைய மாதிரியோ பழுதானதோ, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாதது என்றால் அதற்கு விலக்கு இருக்கிறது. ஆனால் சுட முடியாது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக்கூடாது. உரிமம் கொடுத்த இடத்தில் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றாலும், அதற்கு முன் எழுத்துகளையும் எண்ணையும் படமெடுத்து, யார் வைத்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டான். "அப்போ பூஜைக்கு ஒண்ணுமே பண்ண வேணாமா ஐயா?"

"பண்ணு. தூசியை மெல்லிய காட்டன் துணியால தட்டு. ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில தொட்டு இரும்பு மேல பூசி, மிச்சத்தை ஒத்தி எடு. மரத்துல எண்ணெய் ஊத்தாதே. சந்தனம் குங்குமத்தை இரும்பு மேல வைக்காதே, அதுல ஈரம் இருக்கு, வட்டமாத் துரு விழும். பலகை மேல வை. எலுமிச்சம்பழத்தைக் கிட்டவே கொண்டுபோகாதே. பூஜை முடிஞ்சதும் தோல் உறையில போடாம எடுத்து வை, தோல் ஈரத்தை இழுக்கும்."

சரி என்று போனான். சரஸ்வதி பூஜை அன்று காலை அவன் அப்பாவே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பலகை மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் துப்பாக்கி, பலகையின் நாலு மூலையிலும் பொட்டு. துப்பாக்கி பழுப்பாகவே இருந்தது. விசை வளையத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெளிறியிருந்தது. "எங்கப்பா இங்கதான் புடிப்பாரு" என்றார் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். ஐந்து இலக்கமும் தெளிவாக இருந்தன.

வீட்டுக்கு வந்து சுண்டல் சாப்பிட்டேன். மாட்டுக்கொம்பு ஞாபகம் வந்தது. அதை அன்று நான் வாங்கியிருக்கலாம். ரசீதில் கட்டம் இல்லை என்றால், கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கலாம்.